தோட்டத்தில் விளைந்ததை நேரடியாக விற்க என்னென்ன அனுமதி வேண்டும்?

ஐந்து ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடுகளும் இருப்பதாகவும், காய்கறி, நிலக்கடலை, மஞ்சள், பால் ஆகியவற்றை வியாபாரியிடம் கொடுக்காமல் தோட்டத்து வாசலிலேயே விற்க விரும்புவதாகவும், அதற்கு எந்தெந்த அலுவலகத்தின் படியேற வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோபிசெட்டிபாளையம் பக்கம் நானும் 2021 முதல் இதே வேலையைத்தான் செய்துவருகிறேன் என்பதால், பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

விளைந்ததை விளைந்தபடியே விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் படியேற வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 18-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, விவசாயிக்கும் மீனவருக்கும், விவசாயி தம் பண்ணையளவில் விளைவிக்கும் பொருளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே உங்கள் கத்தரிக்காயையும், தொலியோடு இருக்கும் கடலையையும், தேங்காயையும் வாசலில் குவித்து விற்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று இதில் இருக்கிறது. அதே சட்டம் 'முதல்நிலை உணவு' என்பதை விளக்கும்போது, இயற்கை வடிவிலேயே இருந்தாலும் விவசாயி அல்லாத ஒருவர் கையில் இருக்கும் விளைபொருள் என்கிறது. பக்கத்துத் தோட்டத்து முருங்கைக்காயையும் வாங்கி உங்கள் காய்கறியோடு சேர்த்து விற்றால், அந்த முருங்கைக்காயைப் பொறுத்தவரை நீங்கள் விவசாயி அல்ல, வியாபாரி. வாடிக்கையாளர் கேட்கிறாரே என்று நாம் எல்லோரும் செய்வதுதான் இது. செய்தால் பதிவு செய்துகொண்டு செய்வது நல்லது.

விளைபொருளின் வடிவம் மாறும் இடத்தில்தான் கோடு விழுகிறது. மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி விரலி மஞ்சளாகவும் கிழங்கு மஞ்சளாகவும் ஈரோட்டுச் சந்தைக்கு ஏற்றியவரை என்னிடம் ஒருவரும் எந்தப் பதிவையும் கேட்டதில்லை. அதே விரலியை மாவு மில்லில் அரைத்துக் கால் கிலோ பொட்டலமாகக் கட்டிய அன்றே நான் உணவுத் தொழில் செய்பவன் ஆகிவிட்டேன். கடலையைச் செக்கில் ஆட்டினாலும், நெல்லை அரிசியாக்கி மூட்டை கட்டினாலும் இதே கதைதான். செக்கு நம்முடையதாக இல்லாமல் ஊர்ச் செக்கில் கூலிக்கு ஆட்டினால், அந்தச் செக்குக்காரரிடமும் பதிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதிவு செய்வது கடினமான வேலை அல்ல. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்ததால் எனக்கு உரிமம் தேவைப்படவில்லை, பதிவு மட்டும் போதுமானதாக இருந்தது. ஃபாஸ்காஸ் (FoSCoS) என்னும் உணவுப் பாதுகாப்புத் துறை இணையதளத்தில் புகைப்படத்தையும் அடையாள அட்டையையும் ஏற்றி, ஆண்டுக்கு 100 ரூபாய் வீதம் ஐந்தாண்டுகளுக்கு 500 ரூபாய் கட்டினேன். இதே வேலைக்கு ஓர் இடைத்தரகர் 3,000 ரூபாய் கேட்டிருந்தார். விண்ணப்பித்த ஏழு நாட்களுக்குள் பதிவு தரவோ, காரணம் காட்டி மறுக்கவோ, நேரில் பார்க்க வருவதாக அறிவிக்கவோ வேண்டும் என்பது விதி. விற்பனை வரம்பையும் கட்டணத்தையும் அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால், விண்ணப்பிக்கும் அன்று அந்தத் தளத்தில் இருப்பதையே கணக்கில் கொள்ளுங்கள்.

நான் சறுக்கியது லேபிளில். எண்ணெயைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் தூக்குவாளியோடு வந்து நின்றாலும் ஊற்றிக் கொடுக்க முடியாது, ஏனென்றால் சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதற்குத் தடை இருக்கிறது. அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். ஆகவே ஆசையாக, முழுக்கத் தமிழிலேயே ஒரு லேபிளை வடிவமைத்து ஈரோட்டில் ஆயிரம் அச்சடித்தேன். பார்க்க வந்த அலுவலர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தமிழ் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தே ஆக வேண்டும், தமிழைக் கூடுதலாகத்தான் சேர்க்கலாம் என்றார். தமிழ்நாட்டில் ஆட்டிய எண்ணெயைத் தமிழ்நாட்டிலேயே விற்க இப்படி ஒரு விதி எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. பொருளின் பெயர், உட்பொருள், நிகர அளவு, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற விவரம், தொகுதி (பேட்ச்) எண், முகவரி, சைவக் குறியான பச்சை வட்டம், பதினான்கு இலக்கப் பதிவு எண், அதிகபட்ச விலை ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'இதயத்துக்கு இதமானது' என்று போடச் சொன்னான் என் தங்கை மகன். நல்லவேளையாக நான் கேட்கவில்லை. அப்படிப்பட்ட சொற்களையும் 'கொலஸ்ட்ராலை எதிர்ப்பது' போன்ற சொற்களையும் எண்ணெய் லேபிளில் போடக் கூடாது என்றே விதியில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

பாலுக்குத் தனி விதி. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் தம் பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றினால் அவருக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. காலைப் பாலைச் சங்கத்துக்கும் மாலைப் பாலை வீடுகளுக்கும் ஊற்றினால் 'முழுவதையும்' என்ற சொல் அடிபட்டுப்போகும். உங்களுடைய பதிவில் பாலையும் சேர்த்துவிடுங்கள்.

இயற்கை வேளாண்மை செய்கிறீர்கள் என்றால், 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு விவசாயி, தம் விளைச்சலைச் சான்றிதழ் இல்லாமலேயே உண்பவருக்கு நேரடியாக 'ஆர்கானிக்' என்று சொல்லி விற்கலாம். சான்று பெற்ற இயற்கை உணவுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரையை மட்டும் போட முடியாது. எண்ணெய், தூள் போன்ற பதப்படுத்திய பொருட்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவற்றுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தச் சான்றிதழ் வேண்டும்.

மின்னணுத் தராசு வைத்திருந்தால் ஆண்டுக்கொருமுறை முத்திரையிட்டுக்கொள்ளுங்கள். சொந்த நிலத்து விளைச்சலை விற்கும் விவசாயி அதற்காக ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. வாசலில் கூட்டம் சேரும்வரை உழவர் சந்தையும் ஒரு நல்ல வழி. 1999-இல் மதுரையில் தொடங்கிய திட்டம் அது. நிலம் உங்களுடையது, பயிர் உங்களுடையது என்று சரிபார்த்து அடையாள அட்டை கொடுப்பார்கள், கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே கிடைக்கும். நான் முதல் ஆறு மாதம் அங்கேதான் வாடிக்கையாளர்களைப் பிடித்தேன்.

லேபிளை மட்டும் பதிவு எண் கைக்கு வந்த பிறகே அச்சடியுங்கள், அதுவும் முதலில் ஐம்பது போதும். என்னுடைய பழைய லேபிளில் எழுநூற்றுக்கும் மேல் மீந்துவிட்டது. அம்மா இன்னும் அதன் பின்புறத்தில்தான் பால் கணக்கு எழுதிவருகிறார்.