குழிந்துபோன சுக்கான் பலகையை நிமிர்த்துவது எப்படி?

அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சின்னப் பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். கோடையில் சுக்கானைக் கழற்றிக் கொல்லையில் மணல்மேல் போட்டிருந்தேன். ஒரு அங்குலத் தேக்குப் பலகை, மேல்பக்கம் கிண்ணம்போல் குழிந்துவிட்டது. படகு ஒரு பக்கமாகவே இழுக்கிறது. இழைத்துச் சமப்படுத்தலாமா?"

வேண்டாம். இழைப்புளியை இப்போதைக்கு எடுக்கவே வேண்டாம். மேல்பக்கம் சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கியது. அடிப்பக்கம் மணலின் ஈரத்தில் அப்படியே இருந்தது. காய்ந்த பக்கம்தான் குழியும். இந்த நிலையில் இழைத்துத் தட்டையாக்கினால், நாளைக்கு இரண்டு பக்கமும் ஒரே ஈரத்துக்கு வரும்போது பலகை எதிர்ப்பக்கம் வளையும். கனமும் குறைந்திருக்கும்.

முதலில் குழிவா, முறுக்கா என்று பாருங்கள். நேரான இரண்டு குச்சிகளைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, ஒரு முனையில் குனிந்து ஒற்றைக் கண்ணால் நோக்குங்கள். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் தெரிந்தால் வெறும் குழிவு, சரிசெய்யலாம். ஒன்று சாய்ந்து தெரிந்தால் முறுக்கு. ரேகை திருகி வளர்ந்த மரத்தில் வரும் முறுக்கை எவ்வளவு நிமிர்த்தினாலும் திரும்ப வரும். அதற்குப் புதுப் பலகைதான்.

குழிவு என்றால், குழிந்த பக்கத்துப் பழைய பெயிண்டையும் வார்னிஷையும் முழுக்கச் சுரண்டுங்கள். பூச்சு மிச்சமிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. நல்ல தண்ணீரில் நனைத்த சாக்கை விரித்து, குழிந்த பக்கம் அதில் படியும்படி கவிழ்த்து, முதுகை வெயிலுக்குக் காட்டுங்கள். மணிக்கொருதரம் திருப்பி, நேரான சட்டம் ஒன்றைக் குழியின் குறுக்கே வைத்து, அடியில் தெரியும் வெளிச்சத்தைக் கவனியுங்கள். தேக்கு எண்ணெய்ப் பிடிப்புள்ள மரம், தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். பொறுமை வேண்டும்.

வெளிச்சம் மறைந்ததும் எடுத்துவிடுங்கள். மேலும் கீழும் தடித்த சட்டங்களைக் குறுக்கே கொடுத்து கிளாம்பால் இறுக்குங்கள். மெல்லிய ஆப்பு வைத்து எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்து வைப்பது நல்லது, அவிழ்த்ததும் அந்த அளவு திரும்பிவிடும். இரு பக்கமும் காற்றுப் படும்படி நிழலில் ஒரு வாரமாவது இருக்கட்டும்.

அப்புறம் பூச்சு. பலரும் ஏமாறுவது இங்கேதான். கண்ணுக்குத் தெரியும் பக்கம் மூன்று கோட், மறுபக்கம் ஒன்று என்று அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை. வெட்டுமுனைகளுக்கு மட்டும் கூடுதலாக அடியுங்கள். தண்ணீர் வேகமாக ஏறுவது அந்த வழியாகத்தான். போல்ட் துளைகளின் உட்புறத்தையும் விடாதீர்கள். எபாக்சி பூசுவதானால் தேக்கை அசிட்டோனால் துடைத்து, அது உலர்ந்த உடனே பூசுங்கள். எல்லாவற்றையும் ஐப்பசி அடைமழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஈரக்காற்றில் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

புதுப் பலகை செய்யத்தான் வேண்டும் என்றால், ஒரே அகலப் பலகையாக வாங்காதீர்கள். இரண்டு, மூன்று அங்குலப் பட்டைகளாக அறுத்து, வெட்டுமுனையில் தெரியும் வளையங்கள் ஒன்று மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி வரும்படி மாற்றி மாற்றி ஒட்டச் சொல்லுங்கள். ஆசாரி ஒட்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.