ஃபோகஸ் புல்லர் பதில்கள்

(முப்பத்திரண்டு ஆண்டுகள் கோடம்பாக்கத்தில் ஃபோகஸ் புல்லராக, அதாவது நடிகரின் தூரத்தை அளந்து லென்ஸின் ஃபோகஸைச் சரியாக வைத்திருக்கும் ஒளிப்பதிவு உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: பதினோரு குறும்படங்களில் நடித்திருக்கிறேன். கேமரா கற்றுக்கொண்டு, நானே ஒளிப்பதிவு செய்து ஒரு படம் இயக்க ஆசை. 'நடிப்பே இன்னும் கைவரவில்லை, அதற்குள் அடுத்த கடையா?' என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். என்ன செய்யட்டும் ஐயா?
– வாசகர், மதுரை

பதில்: கேமராவுக்குப் பின்னால் போவதைப் பதவி உயர்வாக நினைக்கிறீர்கள் என்றால் நண்பர்கள் சொல்வதுதான் சரி. முன்னால் நிற்கும்போது ஏதோ ஒன்று உறுத்தியது, அதைச் சரிசெய்யப் போகிறேன் என்றால் நீங்கள் சரி.

ஜான் கசவெட்டிஸ் என்ற அமெரிக்க நடிகரைப் பற்றிச் சொல்கிறேன். 1929ல் நியூயார்க்கில் பிறந்தவர், கிரேக்க வம்சாவளி. ஐம்பதுகளில் தொலைக்காட்சி நாடகங்களால் முகம் தெரிந்தவர். அவரைப் புரிந்துகொள்ள என் தொழிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நடிகர் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் சாக்பீஸால் குறி போடுவோம். லென்ஸிலிருந்து அந்தக் குறிவரை டேப் பிடித்து அளப்போம். ஏழடி மூன்று அங்குலம் என்று வந்துவிட்டால், அவர் அழுதாலும் சிரித்தாலும் ஏழடி மூன்று அங்குலத்தில்தான் அழ வேண்டும், சிரிக்க வேண்டும். துக்கம் தாளாமல் அரையடி முன்னால் சாய்ந்தாரென்றால் கண் மங்கிக் காது துல்லியமாகத் தெரியும். விளக்கும் அந்தக் குறிக்காகத்தான் வைக்கப்பட்டிருக்கும்.

கசவெட்டிஸ் இயக்கியபோது முதலில் தூக்கி எறிந்தது இந்தக் குறியைத்தான். அறை முழுவதற்கும் பொதுவாக வெளிச்சம் வைத்துவிடுவார். நடிகர் எங்கு வேண்டுமானாலும் போகலாம், கேமராதான் பின்னால் ஓட வேண்டும். நடிகனாக இருந்தவனுக்கு மட்டுமே இந்த யோசனை வரும். எங்களைப் போன்றவர்களுக்கு வராது, வந்தாலும் வெளியே சொல்ல மாட்டோம். பிழைப்பு போய்விடும்.

பதினோரு படங்களில் உங்களை உறுத்திய குறி எது? அது தெரிந்தால் கேமராவைத் தொடுங்கள்.

கேள்வி: மக்களிடம் காசு திரட்டிப் படம் எடுப்பது இணையம் வந்த பிறகு தோன்றிய வழக்கம்தானே?
– வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை அம்மா. மேலே சொன்ன மனிதரே 1957ல் செய்தார். தான் நடித்த ஒரு படத்தைப் பற்றிப் பேச ஜீன் ஷெப்பர்டின் இரவு வானொலி நிகழ்ச்சிக்குப் போனவர், சாதாரண மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் நீங்களே பணம் அனுப்புங்கள் என்று ஒலிவாங்கியில் கேட்டுவிட்டார். அனுப்பினார்கள்! ஏறக்குறைய 2,000 டாலர் சேர்ந்தது. படத்துக்குக் கடைசியில் ஆன செலவு சுமார் 40,000 டாலர் என்கிறார்கள். கேட்டுக் கிடைத்தது செலவில் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் கொடுத்த வாக்கிலிருந்து இனி நழுவ முடியாது என்ற நிலை வந்துவிட்டதே, அதற்கு விலை ஏது?

படத்தின் பெயர் 'ஷேடோஸ்'. அவரது நடிப்புப் பட்டறை மாணவர்கள்தான் நடித்தார்கள். அகலம் குறைந்த 16 எம்.எம். ஃபிலிம், நியூயார்க் தெருக்கள். 1958ல் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டுப் பார்த்தார், அவருக்கே பிடிக்கவில்லை. மறு ஆண்டு பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார். அப்படி எடுத்தபோது எழுதிவைத்த காட்சிகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஆனாலும் கடைசியில் 'நீங்கள் பார்த்தது முன்தயாரிப்பின்றி நடிக்கப்பட்ட படம்' என்ற பொருளில் ஓர் எழுத்து வரும். சினிமாக்காரர்களை அவ்வளவு நம்பாதீர்கள்.

கேள்வி: நடிகரே கேமராவையும் கையில் எடுத்தால், தன் முகத்துக்குத்தானே நல்ல வெளிச்சம் வைத்துக்கொள்வார்?
– வாசகர், சேலம்

பதில்: வைத்துக்கொள்பவர்கள் உண்டு. உங்களுக்கே ஐந்து பேர் நினைவுக்கு வந்திருப்பார்கள். கசவெட்டிஸ் தன் 'ஃபேசஸ்' படத்தில் நடிக்கவே இல்லை. நல்ல பாத்திரங்களை மனைவி ஜீனா ரோலண்ட்ஸுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தார்.

கேள்வி: கசவெட்டிஸ் படங்களில் பல இடங்களில் ஃபோகஸ் போய்விடுகிறது, கேமரா ஆடுகிறது. இதைக் கலை என்று கொண்டாடுவது அலட்சியத்துக்குப் பட்டுச் சட்டை போடுவது ஆகாதா?
– ஒளிப்பதிவு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நானும் அப்படித்தான் திட்டினேன். எண்பதுகளில் சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத்தில் 'ஃபேசஸ்' பார்த்தேன். பக்கத்தில் இருந்தவரிடம், 'இந்த உதவியாளனை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்' என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

படம் 1965ல் ஆறு மாதங்கள் எடுக்கப்பட்டது. பெரும்பாலும் கசவெட்டிஸின் வீட்டிலும் மாமியார் வீட்டிலும். கறுப்பு வெள்ளை, 16 எம்.எம்., பிறகு 35 எம்.எம். ஃபிலிமுக்குப் பெரிதாக்கியது. அதனால் திரையில் மணல் மணலாகத் தெரியும். வெளியாக 1968 ஆகிவிட்டது. மனைவி பாத்திரத்தில் லின் கார்லின். அதற்குமுன் நடித்துப் பழகாத பெண், அலுவலகச் செயலராக வேலை பார்த்தவர். ஓரிடத்தில் மாத்திரைகளை விழுங்கிக் கிடப்பார். முந்தைய இரவு வந்த இளைஞன் அவரை அறைந்து, உலுக்கி, உயிருக்கு இழுத்து வருவான். அந்த இருவரையும் துரத்திக்கொண்டு கேமரா தடுமாறும். அங்கே குறி போட்டிருந்தால் அந்தப் பெண் எங்கே விழுவது? அந்த நடிப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. இளைஞனாக நடித்த சீமோர் காஸலுக்கும் கிடைத்தது. திரைக்கதைக்காகக் கசவெட்டிஸுக்கும்.

என் கதை ஒன்று. தொண்ணூறுகளில் ஒரு படம், பெயர் வேண்டாம். தாய் பாத்திரத்தில் நடித்த அம்மையார் மகனின் சட்டையை மடித்துக்கொண்டே பேச வேண்டும். பேசும்போது திடீரென்று சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். ஒத்திகையில் இல்லாதது. என் கை பின்தங்கிவிட்டது. 'ஃபோகஸ் போய்விட்டது' என்று நான்தான் நேர்மையாகச் சொன்னேன். மறுபடி எடுத்தோம். ஆறு டேக். ஆறும் கத்தி போலத் துல்லியம். படத்தில் இருப்பது ஆறாவது. தொலைக்காட்சியில் அந்தப் படம் வரும்போது அந்தக் காட்சிக்கு முன்பே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

ஆகவே தம்பி, அலட்சியம் வேறு, தெரிவு வேறு. முகம் தெளிவாக இருக்கிறதா, முகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு கேள்விகள் வரும்போது கசவெட்டிஸ் இரண்டாவதை எடுத்தார். நீங்கள் முதலில் டேப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று வைக்கவும் ஒரு பொருள் கையில் இருக்க வேண்டுமே.

கேள்வி: இப்படிப் படம் எடுத்தால் சோறு?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: மற்றவர்கள் படங்களில் நடித்தார். 'ஃபேசஸ்' வெட்டியொட்டும் வேலை இழுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் 1967ல் 'த டர்ட்டி டஸன்', 1968ல் 'ரோஸ்மெரிஸ் பேபி'. முதல் படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரையே வந்தது. அதற்கு முன்பே, 'ஷேடோஸு'க்கும் 'ஃபேசஸு'க்கும் இடையில், ஹாலிவுட் நிறுவனங்களுக்காக இயக்கியும் பார்த்தார். ஒரு படத்தைத் தயாரிப்பாளர் தன் விருப்பத்துக்கு வெட்டிவிட்டதில் உறவு முறிந்தது.

1974ல் 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்'. வீட்டை அடமானம் வைத்தார். கூட நடித்த பீட்டர் ஃபால்க் தன் பணத்தைப் போட்டார். குழுவில் பலர் திரைப்பட மாணவர்கள். பல காட்சிகளில் கையில் தூக்கும் கேமராவைக் கசவெட்டிஸே தோளில் சுமந்தார். நடிப்பது மனைவி, பின்னால் நகர்ந்தபடி படம்பிடிப்பது கணவர். முடித்த படத்தை வாங்க விநியோகஸ்தர் இல்லை. தானே திரையரங்குகளுடன் பேசி ஓட்டினார். அதன்பின் ஜீனாவுக்குச் சிறந்த நடிகை, இவருக்குச் சிறந்த இயக்குநர் பரிந்துரைகள் வந்தன. பரிசு இருவருக்கும் இல்லை. சோறு இருந்தது. வீட்டுப் பத்திரம்தான் வீட்டில் இல்லை.

கேள்வி: நம் ஊரில் இதற்கு எதிர்த்திசையில், கேமராவுக்குப் பின்னாலிருந்து முன்னால் போனவர்கள்?
– வாசகி, காரைக்குடி

பதில்: நட்டி சுப்பிரமணியம். இந்தியில் 'பிளாக் ஃப்ரைடே'க்கு ஒளிப்பதிவு செய்தவர், 2014ல் 'சதுரங்க வேட்டை'யின் நாயகன். பாலு மகேந்திரா தன் கடைசிப் படமான 'தலைமுறைக'ளில்தான் (2013) முழுப் பாத்திரமாகக் கேமராவுக்கு முன்னால் வந்தார், அந்தத் தாத்தாவாக. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் முகத்தில் வெளிச்சம் விழுவதைப் பார்த்தவர். தன் முகத்துக்கென்று தனியாக எதுவும் செய்துகொண்டதாகத் தெரியாது அந்தப் படத்தில்.

கேள்வி: எந்தக் கேமரா வாங்கலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஏன் ஒரு படம்கூட இயக்கவில்லை?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: பயம். வேறு காரணங்கள் பலவற்றை வருடக்கணக்கில் சொல்லிவந்தேன், மனைவி நம்பவில்லை. என் பழைய டேப் இன்னும் வீட்டில் இருக்கிறது, முதல் இரண்டடி எண்கள் அழிந்துவிட்டன. பேத்தியின் உயரத்தை அதில்தான் அளக்கிறோம். போன மாதம் மூன்றடி பத்து அங்குலம். இந்த மாதம் தெரியவில்லை. சுவரோரம் நிற்கச் சொன்னால் நிற்க மாட்டேன் என்று ஓடுகிறாள்.