லண்டன் மேடையில் ஒரு தேயிலைத் தோட்டம்

கேள்வி: 1904இல் லண்டனில் ‘தி சிங்கலீ’ என்றொரு இசை நகைச்சுவை நாடகம் ஒரு வருடம் ஓடியதாமே? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நடக்கும் கதையாம். அந்தக் காலத்திலேயே நம் மலையகத்துக்குக் கிடைத்த இந்த வரவேற்பு பெருமைக்குரியதுதானே?
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: ஓடியது உண்மை. 1904 மார்ச் 5ஆம் தேதி டேலீஸ் தியேட்டரில் தொடங்கி 365 காட்சிகள். தயாரித்தவர் ஜார்ஜ் எட்வர்டஸ். கதை ஜேம்ஸ் டானர், இசை பெரும்பாலும் லயனல் மாங்க்டன். அதே அரங்கில் அதற்கு முன் ஓடிய ‘தி கெய்ஷா’ 760 காட்சிகள், ‘சான் டாய்’ 768 காட்சிகள். அவற்றோடு பார்த்தால் இது பாதிகூட இல்லை. அந்த வருடமே அக்டோபரில் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள், ஒரு மாதத்தோடு சுருண்டது. வரவேற்புக் கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் ‘நம் மலையகம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட்டுவிட முடியாது. அந்த மேடையில் நம் மலையகம் எங்கே இருந்தது?

முதல் அங்கம் வெள்ளைக்காரத் துரையின் தேயிலைத் தோட்டம். சின்ன வயதிலேயே ஒரு கண்டிப் பிரபுவுக்குக் கட்டிவைக்கப்பட்ட நானோயா என்ற பணக்காரப் பெண், தப்பி வந்து கொழுந்துப் பெண்களோடு ஒளிந்திருக்கிறாள். துரை அவளைக் காதலிக்கிறார். காணாமல் போன ஒரு கறுப்பு முத்தைத் தேடி ஆங்கிலம் படித்த இந்தியரைக் கிண்டலடிக்கும் ‘பாபு’ வக்கீல் ஒருவர் அலைகிறார். இரண்டாம் அங்கம் கண்டி ஏரிக்கரை அரண்மனை. பிரபுவாக வந்தவர் ரட்லண்ட் பாரிங்டன். ‘மிக்காடோ’ என்ற இசை நாடகத்தில் ஜப்பானியப் பிரபுவாக வந்தவரும் அவரே. வக்கீலாக வந்த ஹண்ட்லி ரைட் ‘தி கெய்ஷா’விலும் ‘சான் டாய்’யிலும் சீனராக வந்தவர். டேலீஸ் அரங்குக்கு எல்லாக் கிழக்கும் ஒரே கிழக்கு. தேயிலை கற்றுக்கொள்ள வந்த சின்ன துரைகளுக்குக்கூட மேடையில் ஆளுக்கொரு பெயர் உண்டு. தோட்டத்தில் ஆள் மேய்க்கும் தமிழ்க் கங்காணிக்கு இடமே இல்லை.

அப்போது அந்த மலைகளில் லட்சக்கணக்கில் தமிழர்கள் இருந்தார்கள். இருட்டு விலகுமுன் தப்பு மேளச் சத்தம் கேட்டு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறியவர்கள். அட்டை கடித்த காலோடு கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நின்றவர்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது பாதிக் கூலி. டேலீஸில் கைதட்டியவர்கள் வீட்டுக்குப் போய்க் குடித்தது இவர்கள் பறித்த கொழுந்தின் தேநீரை.

“பொழுதுபோக்கு நாடகத்தில் போய் கங்காணியைத் தேடலாமா, அந்தக் காலத்தில் அதெல்லாம் முடியாது” என்று ஒரு கோஷ்டி பல வருடமாக என்னோடு சண்டை பிடிக்கிறது. அவர்களுக்கு ‘இன் டஹோமி’யைச் சொல்கிறேன். கறுப்பின அமெரிக்கர்களே எழுதி, இசையமைத்து, நடித்த இசை நகைச்சுவை. பெர்ட் வில்லியம்ஸ், ஜார்ஜ் வாக்கர் நடித்தது. இசை வில் மரியன் குக். 1903 மே மாதம் லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி தியேட்டரில் தொடங்கியது, டேலீஸிலிருந்து நடந்து போகிற தூரம். ஜூனில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கே கூப்பிட்டு ஆடச் சொன்னார்கள். கறுப்பரைக் கேலி செய்ய வெள்ளை நடிகர்கள் பூசிய கரியை வில்லியம்ஸும் முகத்தில் பூசிக்கொண்டுதான் ஆட வேண்டியிருந்தது, அந்தக் கொடுமையை மறைக்கவில்லை. ஆனாலும் எழுதியதும் பாடியதும் அவர்கள். ‘தி சிங்கலீ’ வருவதற்குப் பத்து மாதம் முன்பே லண்டன் இதைப் பார்த்துச் சிரித்து, பாட்டுக் கேட்டு, கைதட்டியிருக்கிறது. முடியாது என்பது பொய். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. ‘தி சிங்கலீ’ கதை என்னுடையது என்று ஒரு ராணுவ கேப்டன் வழக்குப் போட்டு, 1905இல் ஜெயித்து நஷ்டஈடும் வாங்கினார். கதைக்குச் சொந்தக்காரர் இருந்தார். தோட்டத்தில் உழைத்தவர்களுக்காக எந்தக் கோர்ட்டில் யார் போவது?

மார்ச் 5 என்றால் மாசி மாதம். மாசி பிறந்தால் மலையகத்தில் காமன் கூத்து. கடல் தாண்டிப் போனவர்கள் ஊரிலிருந்து கையோடு கொண்டுபோன கூத்து அது. காமன் கம்பம் ஊன்றி, தப்படித்து, ரதியும் மதனும் (காமன்தான் மதன்) தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயம் லயமாக ஆடி வர, சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரிக்க, ரதி புலம்புகிற புலம்பலில் ஊரே அழும். பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு, கோமாளி உண்டு. தேயிலைத் தோட்டத்தின் இசை நாடகம் என்று சொல்ல வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். டேலீஸில் எந்த வேடத்தில் யார் என்பது அச்சில் இருக்கிறது. நம் ரதிகளின் பெயர் எந்த ஏட்டிலாவது இருக்கிறதா?

நீங்கள் ஹட்டனில் இருக்கிறீர்கள். வருகிற மாசியில் பக்கத்துத் தோட்டங்களில் யார் ரதி கட்டுகிறார், யார் மதன், தப்படிப்பவர் யார், யாரிடம் பாட்டுப் படித்தார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் நான்கு பக்கம் ஒதுக்கித் தருகிறேன்.