31-ஆவது நிமிடம்வரை யார் காத்திருப்பார்?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து, விசைப்படகு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி எட்டு எபிசோட் வெப் சீரிஸ் எழுதினோம். பைலட்டை (முதல் எபிசோடை) மட்டும் 48 நிமிடத்துக்கு எடுத்து முடித்திருக்கிறோம். முட்டம் கலங்கரை விளக்கத்தில் மூன்று நிமிட ட்ரோன் காட்சி, ஊர் வரலாறு சொல்லும் பின்னணிக் குரல், பிறகு கல்யாண வீடு. அங்கேதான் சொந்தக்காரர் பதினொரு பேரும் அறிமுகம். படகுக் கடனுக்காக அண்ணனும் தம்பியும் முட்டிக்கொள்வது 31-ஆவது நிமிடத்தில். கடைசியில் நடுக்கடல் சண்டை. பட்ஜெட்டில் பாதி அதற்கே போனது. பார்த்தவர்கள் எல்லாரும் 'கொள்ளாம்' (நன்றாக இருக்கிறது) என்றார்கள், ஆனால் பத்தாவது நிமிடத்திலேயே பாதிப் பேர் கையில் போன். எங்கே பிசகு?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: கதை தொடங்குவதே 31-ஆவது நிமிடத்தில்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஓடுவது முன்னுரை. ஆளைப் பிடித்துப்போன பிறகுதான் பார்ப்பவர் அந்த ஆளின் ஊரைக் கவனிப்பார். முட்டத்துப் பாறையைச் சினிமாக்காரர்கள் எப்போதோ காட்டித் தீர்த்துவிட்டார்கள். வெளியூர்க்காரருக்கே அது புதிதில்லை, நம்மூர்க்காரருக்குச் சொல்லவே வேண்டாம்.

முதல் 90 விநாடிக்குள் ஒருவனுக்கு ஒன்று வேண்டும், அது கிடைக்காது போலிருக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட வேண்டும். பெரிய விஷயம் தேவையில்லை, டீசலுக்குக் காசில்லாமல் தம்பி துறைமுகத்தில் நிற்பது போதும். உங்கள் கதைக்குள் ஒரு கெடு வேறு சும்மா கிடக்கிறது. மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். கதையை மே 29 அன்று தொடங்குங்கள். கடைசியாக ஒருமுறை கடலுக்குப் போய்வர மூன்றே நாள், படகு அண்ணன் பெயரில், அண்ணன் மாட்டேன் என்கிறான். வரலாற்றுக் குரல் இல்லாமலே எல்லாம் விளங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: நம் மாவட்டத்திலேயே கன்னியாகுமரி பக்கத்துச் சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டையும் குழப்பி, ஜூலையில் குளச்சல் விசைப்படகைக் கடலில் காட்டினால் நம் மாவட்டத்துக்காரர் அந்த இடத்திலேயே எழுந்துவிடுவார்.

அடுத்தது கல்யாண வீடு. புதுமுகம் பதினொன்றை ஒரே பந்தியில் உட்காரவைத்தால் யார் மனத்திலும் ஒரு முகம்கூடத் தங்காது. பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்கு முதலில் எடுத்த பைலட்டைப் போட்டுக் காட்டியபோது, ஜேமியும் செர்சியும் உடன்பிறந்தவர்கள் என்பதே பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. கதைக்கு அச்சாணியே அந்த உறவுதான். பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துத்தான் 2011-இல் ஒளிபரப்பினார்கள். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு, உறவை விளிப்பே சொல்லிவிடும். "மயினி, சாவி எங்க?" என்று தம்பி கேட்டால் அவள் அண்ணன் மனைவி என்பது முடிந்தது. அதையே 'அக்கா' என்று எழுதினால் கூடப்பிறந்தவளா, பக்கத்து வீட்டுக்காரியா என்று பார்ப்பவர் யோசிக்க ஆரம்பிப்பார்; அந்த யோசனையில் அடுத்த வசனம் காதில் விழாது. முதல் பத்து நிமிடத்தில் நான்கு முகம் போதும். மற்ற ஏழு பேர் இரண்டாம், மூன்றாம் எபிசோடில் வரட்டும்.

வெட்டும் வேலையை எடிட்டிங் மேசையில் தொடங்காதீர்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு துண்டுத் தாள். உள்ளே வரும்போது யாருக்கு என்ன வேண்டும், வெளியே போகும்போது என்ன மாறியது என்று இரண்டே வரி. மாறியது ஒன்றுமில்லை என்றால் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம். 48 நிமிடம் 26-க்கோ 28-க்கோ இறங்கும். சேனலுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். விளம்பரம் மணிக்கு 12 நிமிடம்வரை போகலாம் என்பது விதி, ஆகவே அரைமணி ஸ்லாட்டில் அதற்கு 6 நிமிடம், டைட்டில்களுக்குக் கொஞ்சம் போக நம்பி எழுதக்கூடியது 22 நிமிடம்.

நடுக்கடல் சண்டையைப் பற்றி ஒரே கேள்வி. மீதி ஏழு எபிசோடில் அப்படி இன்னொன்று எடுக்கக் காசிருக்கிறதா? இல்லையென்றால், சண்டைக்காக உட்கார்ந்தவர் இரண்டாம் எபிசோடில் எழுந்துபோவார், வீட்டுக் கதைக்காக வரவேண்டியவர் முதலிலேயே வராமல் போவார். மயினி தன் வளையலைக் கழற்றித் தம்பி கையில் கொடுப்பதோடு முடியுங்கள், அண்ணனுக்குத் தெரியாமல். செலவில்லை, அடுத்த வாரத்துக்கான கேள்வியும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

சத்தத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றுமில்லை, ஆனாலும் கேட்டுவைக்கிறேன். கடற்கரை வசனங்களில் காற்று மைக்கில் அடிக்கிறதா? படம் கொஞ்சம் இருண்டாலும் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்காவிட்டால் போய்விடுவார்கள். மைக்குக்கு ரோம உறை போட்டு எடுக்க வேண்டும். தப்பிப்போனதை அமைதியான அறையில் டப்பிங் செய்து, அதே இடத்தில் தனியாகப் பிடித்த ஒரு நிமிட அலைச் சத்தத்தை அடியில் ஓடவிடுங்கள். போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபிறகே முடிவு செய்யுங்கள். பேச்சுவழக்கை மட்டும் நீர்க்க விடாதீர்கள். மற்ற மாவட்டத்துக்காரருக்கு எழுத்துத் தமிழில் சப்டைட்டில் போட்டால் போதும்.

திரும்பப் போட்டுக் காட்டும்போது உறவுக்காரர் வேண்டாம். நம்மூரில் 'கொள்ளாம்' என்பதற்கு 'உன் மனசு நோகவேண்டாம்' என்றும் பொருள். அறிமுகமில்லாத எட்டுப் பேரை உட்காரவைத்து, பின்வரிசையில் இருந்து யார் எந்த நிமிடத்தில் போனைத் தொடுகிறார் என்று குறியுங்கள். முடிந்ததும், யார் யாருக்கு என்ன உறவு, தம்பிக்கு என்ன வேண்டும், அடுத்து என்ன நடக்கும் என்று மூன்றையும் கேளுங்கள். எட்டில் மூன்று பேர் உறவை மாற்றிச் சொன்னால் தொடக்கத்தை மறுபடி எழுத வேண்டும். யூடியூபில் ஏற்றியபிறகு பார்வையாளர் தக்கவைப்பு வரைபடத்தில் முதல் 30 விநாடியைப் பாருங்கள். கோடு மெல்லச் சரிவது எல்லாருக்கும் உள்ளது. செங்குத்தாக விழுந்த இடத்தில் எந்தக் காட்சி ஓடியது என்பதே முக்கியம்.

ட்ரோன் காட்சியை அழித்துவிடாதீர்கள். தம்பியின் படகு சொன்ன நேரத்துக்குத் திரும்பாத எபிசோடில், வெறும் கடலாக எட்டு விநாடி வைக்கலாம்.