வால்பாறை போனாலே வாந்தி

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறையில் உள்ள மாமியார் வீட்டுக்குக் காரில் போகும்போதெல்லாம் வழியில் வாந்தி எடுக்கிறாள். வயிற்றுப்போக்கு வந்தபோது டாக்டர் எழுதிய ஒன்டன்செட்ரான் சிரப் வீட்டில் இருக்கிறது. வாந்தி வந்ததும் அதைக் கொடுக்கிறேன், நிற்கவில்லை. வெறும் வயிற்றோடு கூட்டிப்போனாலும் அப்படித்தான். வயிற்றில் ஏதாவது கோளாறா?

பதில்: வயிற்றில் ஒன்றுமில்லை அம்மா. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் உடம்பு திரும்புவதை உணர்கிறது. கண்ணோ அசையாத சீட்டையும் மடியில் இருக்கும் போனையும்தான் பார்க்கிறது. இரண்டு சேதியும் ஒத்துப்போகாததால் மூளை குழம்பிக் குமட்டலைக் கிளப்புகிறது. கார் ஓட்டுபவருக்கு இது அநேகமாக வராது. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்பே தெரியுமே! 2 வயதுக்குக் கீழே அபூர்வம். பள்ளி வயதில்தான் அதிகம்; வளர வளரப் பெரும்பாலும் குறைந்துவிடும்.

நீங்கள் கொடுத்த சிரப் வயிற்றுக் கோளாறால் வரும் வாந்திக்கு நல்ல மருந்து. பயண வாந்திக்கு அவ்வளவாகக் கேட்காது. இதற்குப் புரோமெத்தசின் போன்ற மருந்துகள் வேறு. அதையும் குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. ஆழியாறு வந்ததும் தேடாமல், பொள்ளாச்சியில் வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது. உங்கள் குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், மெடிக்கலில் கேட்டு வாங்க வேண்டாம். தூக்கம் வரும். சளி சிரப்புகளிலும் பெரும்பாலும் தூக்க மருந்து இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

பட்டினி போடாதீர்கள். இரண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். பின் சீட்டின் நடுவில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, முன் கண்ணாடி வழியே தூரத்துச் சாலையைப் பார்க்கட்டும். பஸ் என்றால் முன்பக்க சீட், பின் சக்கரத்துக்கு மேலே கூடாது. போன், கதைப் புத்தகம் இரண்டும் பைக்குள். காருக்குள் தொங்கும் வாசனைப் புட்டியையும் எடுத்துவிடுங்கள், பலருக்கு அதுவே பாதி வாந்தி. முகம் வெளிறி, கொட்டாவி விட ஆரம்பித்தால் அதுதான் முன்னறிவிப்பு. 9-வது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை இருக்கிறது, இறங்கிக் காற்று வாங்கட்டும். இஞ்சி மிட்டாய் சிலருக்கு உதவுகிறது, கொடுத்துப் பார்க்கலாம்.

பயணமே இல்லாமல் காலையில் தலைவலியோடு வாந்தி வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, காது மந்தமானாலோ அது வேறு விஷயம், உடனே காட்டுங்கள்.