எச்சில் கொடுத்தது நான், கவலை தங்கைக்கும்

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன் டாக்டர். போன மாதம் ஒரு தனியார் முகாமில் இலவச மரபணுப் பரிசோதனை என்று எச்சில் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்த தாளில் கையெழுத்து போட்டுவிட்டேன். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். விவரம் வெளியே போனால் பிரச்சினையா?

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா, ஆனால் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். தங்கையை நினைத்துக் கேட்டது ரொம்பச் சரி. கூடப்பிறந்தவர்களுக்குள் சராசரியாகப் பாதி மரபணு ஒன்றாக இருக்கும், அதனால் நீங்கள் கொடுத்த எச்சிலில் அவரைப் பற்றிய தகவலும் கொஞ்சம் போயிருக்கிறது, அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்காமலே. தமிழில் படித்துச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மரபணுத் தகவலுக்கென்றே தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 2019-ல் கொண்டுவந்த டிஎன்ஏ மசோதாவை 2023-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள், அதுவும் பெரும்பாலும் குற்ற விசாரணைக்கானது. நமக்குக் கைகொடுப்பது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017-ல் சொன்ன தீர்ப்பு, அப்புறம் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை நீங்கள் தமிழிலேயே கேட்டு வாங்கலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், தகவலை அழிக்கச் சொல்லலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, கட்டம் கட்டமாகத்தான் அமலாகும். அதுவரை காத்திருக்காதீர்கள்.

அந்தத் தாளில் இருக்கும் முகவரிக்கு, "என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், மாதிரியையும் தகவலையும் அழித்துவிட்டு எழுத்தில் பதில் தாருங்கள்" என்று தமிழிலேயே எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தாளின் நகல் இல்லையென்றால் அதையும் கேளுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் இப்படி எச்சில் வாங்கிப் பரிசோதித்த 23அண்ட்மீ கம்பெனி 2025-ல் திவாலானபோது, ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல் யார் கைக்குப் போகுமோ என்ற நிலை வந்தது. இத்தனைக்கும் வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் மரபணுவைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று 2008-லேயே சட்டம் போட்ட நாடு அது.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பயத்தில் மலைக்கிராமங்களில் அரசு செய்யும் அரிவாள் செல் ரத்தசோகை (பெற்றோர் வழியாக வரும் ஒரு ரத்த நோய்) பரிசோதனையைத் தவிர்த்துவிடாதீர்கள். அதில் பார்ப்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை, உங்கள் முழு மரபணுவை அல்ல. அந்த நோய்க்கான மரபணு தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் அது நோயே கிடையாது. பெண், மாப்பிள்ளை இருவரிடமும் இப்படி அந்த மரபணு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. தங்கை விரும்பினால் அரசு மருத்துவமனையில் பார்க்கட்டும், முடிவை அவர் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.