யாரிடம் யார் கற்றார்?

கேள்வி: "நான் தாவீத் மரபில் வந்தவன்" என்று அமெரிக்க ஓவியர்கள் சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் தாவீத் இறந்ததே 1825இல். எப்படிப் பொருந்தும்?
(வாசகர், மதுரை)

பதில்: ஆசிரியர்-மாணவர் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக எண்ணினால் பொருந்துகிறது. பாரிஸில் ழாக்-லூயி தாவீத். அவர் மாணவர் அந்துவான் க்ரோ. நாடுகடத்தப்பட்டு பிரஸ்ஸல்ஸ் போனபோது தாவீத் தன் பட்டறையை (ஓவியம் கற்பிக்கும் கூடத்தை) இவரிடம்தான் ஒப்படைத்தார். க்ரோவின் மாணவர் தெலாரோஷ், அவருடைய மாணவர் ழெரோம். ழெரோம் 1860களின் நடுவிலிருந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் பட்டறை நடத்தினார். அங்கிருந்துதான் இந்த மரபு கடல் கடந்தது. பாஸ்டன் ஓவியர் பாக்ஸ்டன் அவரிடம் பயின்றார், பாக்ஸ்டனிடம் கேம்மல், 1950களில் கேம்மலிடம் ரிச்சர்ட் லாக். லாக் 1969இல் மினியாபொலிஸில் பட்டறை தொடங்கினார். தாவீதிலிருந்து அவர் ஏழாமவர்.

ஆனால் எல்லாக் கண்ணியும் ஒரே பலம் கொண்டதல்ல. ழெரோம் சில மாதங்கள் க்ளேர் என்ற வேறொரு ஓவியரிடமும் இருந்தார்; அதை வைத்து அவரை க்ளேர் மரபில் சேர்ப்பது வலிந்து சேர்ப்பதுதான். பாக்ஸ்டன் விஷயம் நேர்மாறு. பாரிஸ் போகுமுன் அவருக்குக் கற்பித்த பங்கரும் ழெரோமின் மாணவரே. கண்ணி இரட்டை முடிச்சு.

ழெரோம் பட்டறைக்கு வந்தது வாரத்தில் இரண்டு நாள்தான். மற்ற நாள்களில் புதியவர்கள் மூத்த மாணவர்களின் பலகையைப் பார்த்தே கற்றார்கள். மரபு வரைபடங்களில் இவர்கள் வருவதே இல்லை, பெரிய குறை அது. எனவே ஒருவர் பரம்பரை சொன்னால் கேட்க வேண்டியவை: எத்தனை மாதம்? ஆசிரியர் உங்கள் தாளிலேயே திருத்தினாரா? எதை வரைந்துகொண்டிருந்தீர்கள்?

கேள்வி: பத்திரிகை ஓவியர்களுக்கும் இப்படி மரபு உண்டா?
(வாசகி, ஈரோடு)

பதில்: உண்டு. அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் ஹோவர்ட் பைல் 1900இல் வில்மிங்டனில் கட்டணம் வாங்காத பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவரிடம் என்.சி. வையத், ஹார்வி டன். டன்னிடம் டீன் கார்ன்வெல். ழெரோம் கிளையும் இங்கே எட்டுகிறது: அவருடைய மாணவர் பிரிட்ஜ்மன் நியூயார்க்கில் உடற்கூறு கற்பித்தார், நார்மன் ராக்வெல் அவர் வகுப்பில் இருந்தவர்.

கேள்வி: ஆசிரியர் இல்லாத ஊரில் இருக்கிறேன். அந்தப் பட்டறைப் பயிற்சியில் எதையாவது நானே செய்ய முடியுமா?
(வாசகர், தென்காசி)

பதில்: முடியும். ழெரோமுடன் சேர்ந்து ஓவியர் ஷார்ல் பார்க் தயாரித்த 197 மாதிரிப் படங்கள் இருக்கின்றன. வெளியிட்டது கூப்பில் நிறுவனம், அதாவது ழெரோமின் மாமனாருடைய நிறுவனம். முதல் பகுதிப் படங்கள் பலவற்றில் ஒரு பக்கம் நேர்கோடுகளால் ஆன எலும்புக்கூடு, மறுபக்கம் முடித்த படம். ஆசிரியரின் திருத்தம் பாதி அதிலேயே இருக்கிறது.

பாதத்தின் மாதிரிப் படம் ஒன்றை எடுங்கள். அச்சையும் (அந்தப் படத்தின் அச்சுப் பிரதி) தாளையும் ஒரே உயரத்தில், பலகையில் பக்கத்துப் பக்கமாக ஒட்டி, பலகையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பின்னே நகர்ந்து நின்று பார்க்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். எப்போதும் அங்கிருந்தே ஒப்பிட வேண்டும். நூலில் சிறு எடை கட்டினால் தூக்குக்குண்டு தயார். அதைப் பிடித்து அச்சில் ஒரு செங்குத்துக்கோடு, தாளிலும் அதே கோடு. முதலில் உச்சிப்புள்ளி, அடிப்புள்ளி. பிறகு இடக்கோடி, வலக்கோடி. இவற்றைப் பத்துப் பன்னிரண்டு நேர்கோடுகளால் இணையுங்கள், வளைவு வேண்டாம். அடுத்து நிழல் முடியும் எல்லை. நிழல் முழுவதையும் கரிக்கோலால் ஒரே அடர்த்தியில் நிரப்பிச் சரிபார்த்த பின்னரே இடைத்தொனிகள், அதாவது நிழலுக்கும் ஒளிக்கும் இடைப்பட்ட சாயல்கள்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். பலகையை மேசையில் படுக்கவைத்தால் மேல்பாகம் கண்ணுக்குக் குறுகித் தெரியும். அதை ஈடுகட்டக் கை நீட்டி வரைந்துவிடும், நிமிர்த்தினால் படம் இழுபட்டிருக்கும். விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கோத்தால் சிறு பிழைகள் கூடிக்கூடிக் குதிகால் தாளுக்கு வெளியே போகும். மூன்றாவது, அவசர நிழல்: அழகாகத் தீட்டிவிட்டால், அளவு தப்பு என்று தெரிந்தும் அழிக்க மனம் வராது.

ஒரு படத்துக்குச் சில வாரம் ஆகட்டும். முடிந்ததும் ஒரு நாள் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, மறுநாள் கண்ணாடியில் தலைமாற்றிப் பாருங்கள். சாய்வுப் பிழைகள் உடனே தெரியும்.